ஏலத்தோட்டக் குளத்தில் பாசியா? மயில்துத்தம் வீசும் முன் தண்ணீரைச் சோதியுங்கள்

போடிநாயக்கனூர் பகுதி ஏல விவசாயிகளுக்கு ஜனவரி முதல் மே வரை தோட்டத்துக் குளம்தான் உயிர். போடிமெட்டுச் சரிவானாலும், எல்லை தாண்டி சாந்தம்பாறை, உடும்பன்சோலை, வண்டன்மேடு பக்கம் உள்ள தோட்டமானாலும், மழைக்காலத்தில் படுதாக் குளத்தில் பிடித்த தண்ணீரை வைத்தே செடியைக் கோடை தாண்ட வைக்க வேண்டும். சரம் நீண்டு வரும் காலமும் அதுவே. அப்போது தண்ணீர் தவறினால் அந்த ஆண்டு காய் குறையும். 2024 கோடையில் இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்கள் வறட்சியில் பட்ட அடியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இப்படிச் சேர்த்த தண்ணீர் பிப்ரவரி, மார்ச்சில் பச்சை நிறமாக மாறுகிறது. சொட்டுநீர் வடிகட்டி அடைக்கிறது. குளத்தில் விட்ட மீன் விடியற்காலையில் மேலே வந்து வாய் பிளக்கிறது. அழுகல் நோய்க்குப் போர்டோ கலவை தயாரிக்க வாங்கிய மயில்துத்தம் கிடங்கில் இருக்கும். அதில் இரண்டு கைப்பிடி அள்ளி வீசினால் பாசி செத்துவிடும் என்பது பல தோட்டங்களில் உள்ள வழக்கம். பாசி சாகும் என்பது உண்மை. கூடவே எவையெல்லாம் சாகும் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

பாசி ஏன் வருகிறது?

பாசிக்கு வேண்டியவை நான்கு: வெயில், வெதுவெதுப்பு, அசையாத தண்ணீர், உரச்சத்து. படுதாக் குளத்தில் நான்கும் கிடைக்கும். மண்குளத்தில் தண்ணீர் கலங்கலாக இருப்பதால் வெளிச்சம் ஆழம் வரை போகாது. படுதாக் குளத்தில் தண்ணீர் தெளிவாக இருக்கும், வெளிச்சம் அடிவரை செல்லும். கறுப்பு விரிப்பு வெயிலை வாங்கித் தண்ணீரையும் சூடாக்கும்.

உரச்சத்து தோட்டத்திலிருந்தே வருகிறது. மேல்சரிவில் இட்ட தழைச்சத்தும் மணிச்சத்தும் மழை ஓட்டத்தில் குளத்துக்கு வந்து சேர்கின்றன. நிழல் மரங்களின் இலை விழுந்து அழுகுகிறது. மாட்டுக்கொட்டகைக் கழிவு, சாணக் கரைசல் தொட்டியின் வழிவு, மீனுக்குப் போட்டு மிஞ்சிய தீவனம் எல்லாமே பாசிக்கு உரம்தான். இவற்றில் மணிச்சத்து முக்கியமானது. அது மிகச் சிறிய அளவில் வந்தாலும் பாசி பெருகிவிடும். ஆகவே மருந்து போட்டு ஒரு முறை கொன்றாலும், சத்து உள்ளே வரும் வழியை அடைக்காதவரை மூன்று, நான்கு வாரத்தில் பாசி திரும்ப வரும்.

எந்தப் பாசி? குச்சி காட்டிக்கொடுக்கும்

எல்லாப் பச்சையும் ஒன்றல்ல. ஒரு நீளக் குச்சியைத் தண்ணீரில் விட்டுத் தூக்கிப் பாருங்கள்.

குச்சியில் தலைமுடிபோல, பஞ்சுபோல நூல் நூலாகத் தொங்கினால் அது நூல்பாசி. வடிகட்டியை அடைப்பதில் முதலிடம் இதற்கே. ஆனால் கையால் வாரி எடுக்க முடியும் என்பதால் சமாளிப்பது எளிது.

குச்சியில் எதுவும் ஒட்டாமல் தண்ணீரே பச்சையாக இருந்தால் அது மிதக்கும் நுண்பாசி. அளவோடு இருந்தால் மீனுக்கு நல்லது. வெள்ளை பெயின்ட் அடித்த ஒரு தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பாருங்கள். 30 முதல் 60 சென்டிமீட்டர் ஆழம் வரை தெரிந்தால் மீன் குளத்துக்குச் சரியான நிலை. 20 சென்டிமீட்டருக்குள் மறைந்துவிட்டால் பாசி மிஞ்சிவிட்டது என்று பொருள்.

குச்சியில் பச்சைப் பெயின்டில் தோய்த்ததுபோலப் படிந்தால், காற்றடிக்கும் கரையோரம் ஏடாக ஒதுங்கி நாற்றம் அடித்தால், அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். இங்கேதான் கவனம் தேவை. நெல் வயலில் தழைச்சத்து சேர்க்க நாமே நீலப்பச்சைப் பாசி இடுகிறோமே, அது நல்லதுதானே என்று கேட்கலாம். அந்தக் குடும்பத்தில் நன்மை செய்யும் வகைகளும் உண்டு, கல்லீரலையும் நரம்பையும் தாக்கும் நஞ்சைச் சுரக்கும் வகைகளும் உண்டு. கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்ட்ரினா ஏரியில் இந்தப் பாசி படர்ந்த தண்ணீரைக் குடித்து ஆடு, மாடு, குதிரை செத்த செய்தி 1878-லேயே அறிவியல் இதழில் வெளியானது. 2020-ல் ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில் 300-க்கும் மேற்பட்ட யானைகள் இறந்ததற்கும் இந்தப் பாசி நஞ்சையே அந்நாட்டு அரசு காரணமாகச் சொன்னது.

எனவே ஏடு படிந்த குளத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கூடாது. நாயை இறங்க விடக் கூடாது. அந்தத் தண்ணீரைக் காய்ச்சினாலும் நஞ்சு போகாது. மாடு அந்தத் தண்ணீரைக் குடித்தபின் தள்ளாடினாலோ, வாயில் நீர் வடிந்தாலோ உடனே கால்நடை மருத்துவரை அழைத்து, குளத்தின் நிலையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மயில்துத்தம்: மலைத் தண்ணீருக்குக் கணக்கு வேறு

மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், உலகமெங்கும் பாசிக்குப் பயன்படுத்தப்படும் பழைய மருந்துதான். ஆனால் அது எவ்வளவு நஞ்சாகும் என்பதைத் தண்ணீரின் காரத்தன்மை தீர்மானிக்கிறது. தண்ணீரில் கார்பனேட், பைகார்பனேட் உப்புகள் அதிகம் இருந்தால் தாமிரம் அவற்றோடு சேர்ந்து படிந்துவிடும். அவை குறைவாக இருந்தால் தாமிரம் முழு வீரியத்தோடு கரைந்து நிற்கும்.

சமவெளி ஆழ்குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் கடினத் தண்ணீர். மலையில் மழையிலிருந்தும் ஊற்றிலிருந்தும் சேரும் தண்ணீரோ மென்மையானது. படுதா விரித்த குளத்தில் மண்ணின் தொடர்பும் இல்லாததால் உப்பு சேர வழியில்லை. கீழே ஒருவர் குளத்தில் மீனுக்குச் சேதம் செய்யாத அதே அளவு, மேலே நம் குளத்தில் மீன் முழுவதையும் கொல்லலாம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் போட்ட அளவை அப்படியே போடுவது ஆபத்தாவது இதனால்தான்.

மீன் வளர்ப்பில் கடைப்பிடிக்கும் விதி எளிமையானது. தண்ணீரின் மொத்தக் காரத்தன்மையை 100-ஆல் வகுத்தால் வரும் எண்ணே, ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் மயில்துத்தம் என்பதற்கான உச்ச அளவு. காரத்தன்மை 50-க்குக் கீழே இருந்தால் மயில்துத்தமே போடக் கூடாது.

காரத்தன்மையை எப்படித் தெரிந்துகொள்வது? மண் பரிசோதனை நிலையத்தில் பாசனத் தண்ணீரைச் சோதிக்கும்போது கார்பனேட், பைகார்பனேட் அளவைத் தருவார்கள். அது மில்லி ஈக்விவலன்ட் என்ற அலகில் இருந்தால், இரண்டையும் கூட்டி 50-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். கூட்டுத்தொகை 1 என்றால் காரத்தன்மை 50. பல மலைக் குளங்கள் இந்த எல்லைக்குக் கீழேயே இருக்க வாய்ப்பு உண்டு. சோதிக்காமல் முடிவு செய்ய வேண்டாம்.

குளத்தின் கொள்ளளவு: ஒரு மாதிரிக் கணக்கு

மேல்பரப்பு 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம் என்றால் 300 சதுர மீட்டர். அடிப்பரப்பு 14-க்கு 9 என்றால் 126 சதுர மீட்டர். இரண்டின் சராசரி 213. ஆழம் 3 மீட்டர் என்றால் 639 கன மீட்டர், அதாவது சுமார் 6.4 லட்சம் லிட்டர்.

காரத்தன்மை 60 என்றால் லிட்டருக்கு 0.6 மில்லிகிராம். 6.4 லட்சம் லிட்டருக்கு 384 கிராம்தான் உச்ச அளவு. அரை கிலோகூட இல்லை. இதே குளத்தில் தோராயமாக 5 கிலோ கொட்டினால், அது அனுமதித்த அளவைப்போல 13 மடங்கு. மார்ச்சில் குளம் பாதியாகக் குறைந்திருக்கும்போது பழைய கொள்ளளவை வைத்துக் கணக்குப் போடுவதும் பலர் கவனிக்கத் தவறுவது. அன்றைய தண்ணீர் மட்டத்தையே அளந்து கணக்கிட வேண்டும்.

அளவு சரியாக இருந்தாலும் மூன்று சங்கடங்கள் உண்டு. ஒன்று, பாசி மொத்தமாகச் செத்து அழுகும்போது தண்ணீரில் உள்ள பிராணவாயு தீர்ந்துபோகும். தாமிரத்துக்குத் தப்பிய மீனும் மூச்சுமுட்டிச் சாகும். இரண்டு, நீலப்பச்சைப் பாசி திடீரென்று செத்தால் அதற்குள் இருந்த நஞ்சு தண்ணீரில் கலந்துவிடும். பார்வைக்குத் தண்ணீர் தெளிந்திருக்கும், ஆனால் குடிக்கும் கால்நடைக்கு ஆபத்து கூடியிருக்கும். மூன்று, தாமிரம் மட்கி மறைவதில்லை. குளத்தின் அடியிலும், பாசனத்தோடு சென்று செடியின் வேர்ப்பகுதியிலும் தங்கும். ஆண்டுதோறும் போர்டோ தெளிக்கும் தோட்ட மண்ணில் ஏற்கெனவே தாமிரம் சேர்ந்துகொண்டிருக்கிறது. அழுகலைத் தடுக்க டிரைக்கோடெர்மா இடுபவர்கள், தாமிரம் கலந்த தண்ணீரைப் பாய்ச்சாமல் இருப்பது நல்லது.

மருந்தில்லாமல் குறைக்கும் வழிகள்

முதல் வேலை, குளத்துக்கு மேல்பக்கம் ஒரு தடுப்பு வாய்க்கால். சரிவிலிருந்து வரும் ஓட்டத்தை வாய்க்காலில் திருப்பி, ஒரு வண்டல் தொட்டியில் தேக்கி, தெளிந்தபின் குளத்துக்கு விடலாம். உரமிட்டபின் வரும் முதல் மழை ஓட்டத்தைக் குளத்துக்குள் விடாமல் வெளியே திருப்பிவிடுவது நல்லது. உரம் கரைக்கும் பேரலும் மருந்து தெளிப்பானைக் கழுவும் இடமும் குளக்கரையை விட்டுத் தள்ளியே இருக்கட்டும்.

இரண்டாவது, நிழல். பாசிக்கு வெளிச்சம் இல்லாவிட்டால் வளர்ச்சி இல்லை. 75 சதவீத நிழல்வலையைக் குளத்தின் மேல் கம்பி இழுத்துப் போர்த்தினால் பாசி குறையும், ஆவியாகும் தண்ணீர் மிஞ்சும், இலையும் உள்ளே விழாது. முழுக் குளத்தையும் மூட வசதி இல்லையென்றால் வெயில் அதிகம் படும் பக்கத்தையாவது மூடலாம். மலைச்சரிவில் காற்று கடுமையாக அடிக்கும் என்பதால் வலையின் விளிம்பை நெருக்கமாகக் கட்ட வேண்டும்.

மூன்றாவது, வாரி எடுத்தல். நூல்பாசி மேலே மிதந்து வரும் பகல் நேரத்தில், எதிரெதிர்க் கரைகளில் இருவர் நின்று, சுருட்டிய பழைய நிழல்வலையைக் கயிற்றில் கட்டி இழுத்தால் பாசி ஓரமாக ஒதுங்கும். நீளக் கம்பில் கட்டிய வலையால் அள்ளிவிடலாம். முள்வாரி, இரும்புக் கொக்கி வேண்டாம். படுதா கிழிந்தால் பாசியைவிடப் பெரிய செலவு. எடுத்த பாசியைக் கரையிலேயே போட்டுவைத்தால் அடுத்த மழையில் சத்து மறுபடி குளத்துக்கே போகும். காய்ந்த சருகோடு சேர்த்து, கால்நடை எட்டாத இடத்தில் மட்க வைத்தால் குளத்துக்குப் போன உரம் தோட்டத்துக்குத் திரும்பும்.

இங்கிலாந்தில் குளங்களில் பார்லி வைக்கோல் போட்டுப் பாசியைத் தடுக்கிறார்கள் என்பதைக் கேள்விப்பட்டு, இங்கே நெல் வைக்கோல் கட்டுகளைக் குளத்தில் போடுவோரும் உண்டு. பார்லி வைக்கோலே எல்லாக் குளத்திலும் ஒரே மாதிரி பலன் தருவதில்லை. இருக்கும் பாசியை அது கொல்வதும் இல்லை. அளவுக்கு மீறிப் போட்ட வைக்கோல் அழுகிப் பிராணவாயுவைக் குடித்துவிடும்.

மீன் உதவுமா?

வெள்ளிக் கெண்டை மிதக்கும் நுண்பாசியை வடிகட்டித் தின்னும். புல் கெண்டை நீர்ச்செடிகளையும் ஓரளவு நூல்பாசியையும் தின்னும். ஆனால் தீவனம் அதிகம் போட்டால் மீன் பாசியைத் தேடாது. தின்னாத தீவனம் பாசிக்கு உரமாகும். மலையின் குளிர்ந்த தண்ணீரில் இம்மீன்கள் மெதுவாகத்தான் வளரும், எனவே சமவெளி இருப்பு அளவை அப்படியே பின்பற்ற வேண்டாம். வெளியூர் மீன் இனங்கள் ஓடைக்குத் தப்பாதபடி வழிவாயில் வலை அவசியம். ஜிலேபி மீன் வளர்க்க அனுமதி தேவை என்பதால் மீன்வளத் துறையிடம் கேட்டுச் செய்யுங்கள்.

பாசி பகலில் பிராணவாயுவை வெளியிடும், இரவில் அதுவே பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். பாசி அடர்ந்த குளத்தில் விடியற்காலையில் மீன் மேலே வருவது இதனால்தான். அப்படிக் கண்டால் அன்று தீவனத்தை நிறுத்தி, மோட்டாரால் குளத்துத் தண்ணீரையே உறிஞ்சி மேலிருந்து மழைபோல விழச் செய்யுங்கள்.

சொட்டுநீர்க் குழாய் அடைக்காமல் இருக்க

உறிஞ்சு குழாயின் வாய் தண்ணீரின் மேல்மட்டத்தில் இருந்தால் பாசி வரும், அடியில் இருந்தால் சேறு வரும். ஒரு மிதவையில் கட்டி, மேல்மட்டத்திலிருந்து 45 முதல் 60 சென்டிமீட்டர் கீழே தொங்கவிடுவது நல்லது. தண்ணீர் குறையக் குறைய அதுவும் சேர்ந்து இறங்கும். பாசித் தண்ணீருக்குச் சல்லடை வடிகட்டி மட்டும் போதாது. முதலில் மணல் வடிகட்டி, பிறகு சல்லடை அல்லது வட்டு வடிகட்டி என்ற வரிசை வேண்டும். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தமானிகளின் வித்தியாசம் 0.5 கிலோவை எட்டும் முன் மணல் வடிகட்டியைப் பின்னோட்டம் விட்டுக் கழுவிவிட வேண்டும்.

குழாய்க்குள் வழவழப்பு படிந்துவிட்டால் குளோரின் கொடுக்கலாம். குளத்தில் கலக்காமல் தனித் தொட்டித் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். 10,000 லிட்டருக்கு 20 பி.பி.எம். வேண்டுமானால், 30 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் சுமார் 670 கிராம் தேவை. பிளாஸ்டிக் வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் பயன்படுத்துங்கள். குழாயில் நிரப்பி ஒரு மணி நேரம் நிறுத்தி, பிறகு கடைமுனைகளைத் திறந்து கழுவிவிடுங்கள். உரக் கரைசலோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது. உப்பு அடைப்புக்கு அமிலம் கொடுப்பவர்கள் அதை வேறொரு நாளில் செய்ய வேண்டும். பிளீச்சிங் பவுடரும் அமிலமும் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும், மூடிய மோட்டார் அறையில் அது உயிரைப் பறிக்கும்.

தங்கும் விடுதி, வீட்டு நீச்சல் குளத்துக்கு

தோட்டத்தை ஒட்டி விருந்தினர் விடுதி நடத்துவோர் சிறு நீச்சல் குளம் கட்டுவதும் நடக்கிறது. அங்கே மீனும் இல்லை, பாசனமும் இல்லை என்பதால் குளோரினே சரியான வழி. தண்ணீரில் எப்போதும் 1 முதல் 3 பி.பி.எம். குளோரினும், பிஎச் 7.2 முதல் 7.6 வரையும் இருந்தால் பாசி தலையெடுக்காது. பிஎச் 8-ஐத் தாண்டினால் குளோரினின் பெரும்பகுதி வலுவிழக்கும். குளோரின் போட்டும் பச்சை போகவில்லை என்றால் முதலில் பிஎச் பாருங்கள்.

பச்சையாகிவிட்ட குளத்தில் சுவரையும் தரையையும் தேய்த்து, மாலையில் 10 பி.பி.எம். அளவுக்குக் குளோரின் போட்டு, இரவு முழுவதும் வடிகட்டியை ஓடவிடுங்கள். பகலில் போட்டால் வெயில் சில மணி நேரத்தில் குளோரினை அழித்துவிடும். 50,000 லிட்டர் குளத்துக்கு 30 சதவீத பிளீச்சிங் பவுடர் சுமார் 1.7 கிலோ ஆகும். அளவு 3 பி.பி.எம்.முக்குக் கீழே இறங்கும்வரை யாரும் குளிக்கக் கூடாது. குளோரின் தண்ணீரை நேரே ஓடையிலோ ஏலச்செடியிலோ திறந்துவிடாமல், சில நாள் வெயிலில் விட்டு, சோதித்துப் பார்த்த பிறகே வெளியேற்ற வேண்டும்.

வழுக்கும் கரை உயிர் கேட்கும்

பாசியால் வரும் ஆபத்தில் எல்லாவற்றையும்விடப் பெரியது இதுதான். படுதாவின் சாய்வு ஏற்கெனவே வழவழப்பானது. அதில் பாசி படிந்தால், நீச்சல் தெரிந்த ஆளும் கரையேற முடியாது. பிடிக்க எதுவும் இல்லாமல் சறுக்கிச் சறுக்கி ஓய்ந்துபோவார். காப்பாற்றக் குதிப்பவருக்கும் அதே கதிதான்.

நான்கு பக்கமும் வலுவான முளை அடித்து, முடிச்சுப் போட்ட கயிற்றைத் தண்ணீருக்குள் வரை தொங்கவிடுங்கள். ஒரு பக்கமாவது கயிற்று ஏணி இருக்கட்டும். மூடி இறுக்கிய 20 லிட்டர் காலி கேன் ஒன்றை நீளக் கயிற்றில் கட்டிக் கரையில் வையுங்கள். விழுந்தவருக்கு அதை எறிந்து இழுக்கலாம். சுற்றிலும் வேலியும் பூட்டிய வாசலும் அவசியம். தோட்டத்து லயங்களில் வளரும் குழந்தைகளுக்குக் கோடையில் குளம்தான் விளையாட்டு இடமாகத் தோன்றும். பாசி வாரும் வேலைக்கு ஒருவரை மட்டும் தனியாக அனுப்ப வேண்டாம்.

எப்போது என்ன செய்வது?

மழைக்கு முன் மே மாத இறுதியில் தண்ணீர் அடியில் இருக்கும்போது, வண்டலையும் அழுகிய இலையையும் எடுத்துவிட்டால் ஓராண்டுச் சத்து வெளியேறும். மழைக்காலத்தில் தடுப்பு வாய்க்காலைக் கவனியுங்கள். டிசம்பர், ஜனவரியில் தண்ணீரைப் பரிசோதித்து, நிழல்வலையைக் கட்டிவிடுங்கள். பிப்ரவரி முதல் வாரம் ஒருமுறை குச்சியும் தட்டும் விட்டுப் பார்த்து, நூல்பாசியைக் கொஞ்சமாக இருக்கும்போதே வாருங்கள்.

தண்ணீர்ப் பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் தேனி மாவட்ட விவசாயிகள் காமாட்சிபுரம் வேளாண் அறிவியல் மையத்தையும், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தையும் அணுகலாம். இடுக்கியில் தோட்டம் உள்ளவர்களுக்கு மயிலாடும்பாறையில் நறுமணப் பொருள் வாரியத்தின் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையமும், பாம்பாடும்பாறையில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. போகும்போது ஒரு லிட்டர் குளத்துத் தண்ணீரைச் சுத்தமான பாட்டிலில் எடுத்துச் செல்லுங்கள். குளத்தின் நீளம், அகலம், ஆழம், அதில் மீன் உண்டா, மாடு குடிக்குமா என்ற விவரங்களும் கையில் இருந்தால் சரியான பதில் கிடைக்கும்.